எட்டாவது சேனல்

ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். முதலில் ஐந்து என்று நினைத்தேன், ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன், ஏழு. மூன்றாவதுக்குப் பிறகு வந்த ஒன்று தலையணைக்குள் அமுங்கிப்போயிருக்கிறது, ஆறாவது வெறும் ‘ப்பா’ மட்டும். இன்று வியாழக்கிழமை, மணி ஒன்று ஐம்பது. நான் கேட்டுக்கொண்டிருப்பதோ செவ்வாய்க்கிழமை மத்தியானத்தை. செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில் இதே ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து கீபோர்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன், பத்தடி தள்ளி அடுத்த அறையில் என் இரண்டரை வயது மகள் மதி தூங்குகிறாள் என்று நம்பிக்கொண்டு. நம்பிக்கொண்டு என்றா சொன்னேன்? சரி, அதைப் பிறகு பார்க்கலாம். மூன்று மணிக்குள் ஜெரோமுக்கு என் இசையை அனுப்ப வேண்டும். அன்று வாசித்ததில் ஒன்று நன்றாக வந்த நினைவு, அதைத் தேடித்தான் கம்ப்யூட்டரில் இதைத் திறந்தேன். வாத்தியங்களுக்கு நான்கு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. எட்டாவது சேனல், படுக்கையறை மைக். அதை ரெகார்டிலிருந்து எடுத்துவிட மறந்திருக்கிறேன், ஒலிப்பதிவு செய்கிற எவனும் நூறு தடவை பண்ணுகிற தப்பு. கோடு தட்டையாக இருந்திருந்தால் அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். தூங்குகிற குழந்தையின் அறை தட்டையாகத்தான் இருக்க வேண்டும். இருபத்திரண்டாவது நிமிடத்திலிருந்து சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தன.

அந்த மைக்கைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது. கடையில் விற்கிற பேபி மானிட்டர் ஒன்று வாங்கலாம் என்று செல்வி சொன்னபோது சிரித்தேன். பதினான்கு வருஷம் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவன் வீட்டில் அந்த பிளாஸ்டிக் டப்பாவா? என்னுடைய நல்ல மைக்கையே பீரோ மேல் வைத்தேன், கேபிளைக் கதவுக்கு அடியில் இழுத்து மிக்ஸரில் சொருகினேன். வலது காதில் பாட்டு, இடது காதில் மகள். அவள் புரண்டு படுத்தால்கூட எனக்குத் தெரியும் என்று செல்வியிடம் அளந்துவிட்டேன். முதல் வாரம் தெரியவும் செய்தது. மூச்சு வந்தது, கொலுசு வந்தது, விரல் சூப்புகிற சத்தம்கூட வந்தது. ஆனால் கூடவே ஃபேனும் வந்தது, அந்த ஃபேன் சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கும், என் தாளத்தோடு சேராத டக். அதனால் ஒரு கேட் போட்டேன். கேட் என்பது பெரிய வித்தையில்லை, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரிதான். நாம் வைக்கிற அளவுக்கு மேல் சத்தமாக வருவதை மட்டும் என் காதுக்கு விடும், மற்றதையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும். ஃபேன் நின்றது. அடுத்த வாரம் ஜன்னலில் ஒரு காக்கை, அளவை ஒரு நூல் ஏற்றினேன். கீழ்வீட்டுக் குக்கர், இன்னொரு நூல். பிறகு ஒரு நாள் ஏதோ முனகல், தூக்கத்தில் உளறுகிறாள் என்று இன்னொரு நூல். தூக்கத்தில்தானா என்று போய்ப் பார்த்திருக்கலாம், பத்தடிதான். நல்ல இடத்தில் இருந்தேன், பாட்டின் கீழ்ஸ்தாயி பாஸ் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. வீறிட்டு அழுதால் எப்படியும் தாண்டி வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மகள் வீறிடுகிற குழந்தையில்லை, அதுவும் எனக்குத் தெரியும். கேட் என் காதுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டருக்குப் போகிற வழியில் அது கிடையாது, அங்கே எல்லாமே பதிவாகும், ஃபேனும் காக்கையும் அவளும்.

எட்டாவது தடவையாக வருவது குரலில்லை. தாழ்ப்பாள் ஆடுகிற சத்தம். கதவை உள்ளேயிருந்து இழுக்கிறாள், வெளித்தாழ்ப்பாள் மரத்தில் இடிக்கிறது, இடிக்கிறது, நிற்கிறது. ஆமாம், வெளியே தாழ்ப்பாள் போடுகிறேன். இந்த அறை முழுக்க வயர், சமையலறையில் சிலிண்டர், அவள் எழுந்து தானாக வந்து எதையாவது இழுத்துவிட்டால் என்ன ஆவது. காரணம் சரியானதுதான், நூறு பேரிடம் சொல்லலாம். செல்வியிடம் மட்டும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றவில்லை என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மதி பிறந்து, என் வேலையை விட்டு நான் வீட்டில் இருப்பது என்று முடிவாகி, இரண்டு வருஷம் கீபோர்டைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்துவிட்டு, போன ஆடியில் ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தேன், மறுபடி கொஞ்சம் வாசிக்கட்டுமா என்று. பாலிடெக்னிக்கில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் செருப்பை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “பாப்பா தூங்கறப்ப பண்ணு நந்து, நான் ஒன்னுமே சொல்லல. முழிச்சிருந்தா அவகூட இரு. அது ஒன்னுதான் கேக்கறேன்.” சத்தியம் பண்ணினேன், அவள் தலையில் கைவைக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாள், சத்தியமெல்லாம் வேண்டாம் சும்மா இரு போதும் என்று. மூன்று வாரம் இருந்தேன். நாலாவது வாரம் காலையில் பத்து நிமிடம், ஒரு திருத்தம்தான், மதி நாற்காலிப் பக்கம் வந்து நின்று என் முழங்காலைத் தட்டுவாள். நான் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் திரையிலிருந்து கண்ணையும் எடுக்காமல் இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டுவேன். “ரெண்டே நிமிஷம்டா தங்கம்.” இப்போது நினைத்தால் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால் ஊரே என்னைக் கொண்டாடுகிறது. பார்க்கில் மற்ற அம்மாக்கள் எனக்கு பெஞ்சில் இடம் விடுகிறார்கள். டாக்டர் என்னைக் காட்டி மற்ற அப்பாக்களைத் திட்டுகிறார். ஒரு அம்மா இதே வேலையை இருபத்து நாலு மணி நேரமும் பார்த்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நான் டயப்பரை மாற்றினால் கையெடுத்துக் கும்பிடாத குறை. வடவள்ளியில் எங்கள் அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டு சுகந்தி அக்காதான் இதில் முன்னணி. அவர் வீட்டுச் சுவரும் எங்கள் படுக்கையறைச் சுவரும் ஒன்று. இதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆமாம் இதே செவ்வாய், படிக்கட்டில் செல்வியை நிறுத்தி, மதியின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே, “ஏனுங் செல்வி, நீங்க குடுத்து வெச்சவங்க. அவியளாட்டம் ஒருத்தர் அமையோணுமே. எங்கூட்டுப் பசங்க அந்த வயசுல வீட்டையே ரெண்டாக்கிப் போடுவானுங்க. உங்கூட்டுல மத்தியானம் ஒரு சத்தம் இல்லீங்களே, பாப்பா பாட்டுக்குப் பேசிக்கிட்டு வெளையாடுது,” என்றார். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? தலையைக் குனிந்து சிரித்தேன். அடக்கமாகச் சிரித்தேன், அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக வரும். செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாப்பா பாட்டுக்குப் பேசிக்கிட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது அவள் முழித்திருந்தாள் என்று. நானும் கூட இருந்தேன் என்று அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம். தூங்கும் நேரத்தில் எதற்குப் பேச்சு என்று செல்விக்குத் தோன்றியிருக்காதா? தோன்றியிருந்தால் கேட்டிருப்பாள். கேட்காதது நம்பிக்கையால் என்றால் எனக்கு இன்னும் கேவலம்.

போன் அதிர்கிறது, ஜெரோம்தான். பாண்டிச்சேரியிலிருந்து எட்டுப் பேருடைய இசையைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிடுகிறான், அதில் ஒன்று என்னுடையது. “டேய் நந்தா, மூணு மணிடா. அதுக்கு மேல வந்தா உன் எடத்துல வேற ஆளப் போட்டுருவேன், அப்பறம் என்னத் திட்டாத.” மூன்று வருஷமாக ஒருத்தரும் என்னை இப்படி மிரட்டியதில்லை. கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இந்த நேரத்திலும். முப்பத்தாறு வயதில் ஒரு ஆண்பிள்ளை பட்டனை அழுத்தி டொய்ங் டொய்ங் என்று பண்ணுவதில் என்ன இருக்கிறது என்று மாமனார் கேட்பார், மிஷின் ஓடற சத்தம் என்பார், மில்லில் முப்பது வருஷம் இருந்தவர், அவருக்குத் தெரியாதா மிஷின் சத்தம். எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று அவரிடம் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. ஒரு சத்தத்தைப் பிடித்து, நீட்டி, அதன் வயிற்றுக்குள் இன்னொன்றைக் கண்டுபிடிக்கிற அந்த நிமிடத்தில் மட்டும்தான் நான் யாருக்கும் எதுவும் இல்லை, நான் மட்டும். பால் காய்ச்சவில்லை, சோறு ஊட்டவில்லை, நல்ல அப்பா என்று பெயர் வாங்கவில்லை. இரண்டு வருஷம் அது இல்லாமல் இருந்து பார்த்தேன். முடிகிறது, ஆனால் எதுவும் காதில் ஏறாது, எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பது போல இருக்கும். மதிகூட அப்படித்தான் இருந்தாள் சில நாள். இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மறுபடி வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் தலையின் வாசனை எனக்குத் திரும்பக் கிடைத்தது, அதற்காகத்தான் வாசிக்கிறேன் என்றுகூட ஒரு தடவை எனக்கே கதை விட்டுக்கொண்டேன். அந்தக் கதை கொஞ்சம் நிஜம் என்பதுதான் சங்கடம்.

தாழ்ப்பாள் சத்தம் நின்ற பிறகு ஃபேன் மட்டும் ஓடுகிறது. அழப்போகிறாள் என்று காத்திருக்கிறேன். அழு, அழுது தொலை, நீ அழுதால் நான் செவ்வாய்க்கிழமையே வந்திருப்பேன். அழவில்லை. கொலுசு கட்டிலுக்குத் திரும்பிப் போகிறது, மெத்தை அமுங்குகிறது. பிறகு ஒரு குரல். மதியின் குரல்தான், ஆனால் தொண்டைக்குக் கீழே இறக்கி, அவசரமில்லாமல், கடைசி எழுத்தை இழுத்து. “இதோ வந்துட்டேன்டா தங்கம். அப்பா இங்கதான இருக்கேன். ரெண்டே நிமிஷம்.” அப்புறம் அவள் சொந்தக் குரலில், “சரிப்பா.” கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். நெஞ்சு அடைத்தது என்று சொல்ல ஆசைதான். அது பிறகு வந்தது. முதலில் வந்தது கை. இரண்டு வாரமாக என் இசையின் மூன்றாவது நிமிடத்தில் ஒரு பள்ளம் இருந்தது, என்ன போட்டாலும் நிரம்பாத இடம், மணி போட்டேன், மழை போட்டேன், எல்லாம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரிந்தது. என் கை அந்த ‘இங்கதான இருக்கேன்’-ஐ வெட்டி எடுத்து அங்கே வைத்துவிட்டது. உட்கார்ந்தது. ஒரு நூல் நகர்த்த வேண்டியிருக்கவில்லை, என் தாளத்திலேயே பேசியிருக்கிறாள். பேசாமல் எப்படி, என்னிடம் கற்றதுதானே. நான்கு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன், ஜெரோம் இதைக் கேட்டால் எழுந்து நின்றுவிடுவான் என்று நினைத்தேன். ஐந்தாவது தடவைதான் நெஞ்சு அடைத்தது. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மணி இரண்டு இருபத்தைந்து. அனுப்புவது ஒரு பட்டன். வெட்டியதை எடுத்துவிட்டு அனுப்பலாம், பள்ளத்தோடு. வைத்தே அனுப்பலாம், யாருக்குத் தெரியும், கேட்பவர்கள் ஆகா குழந்தை என்பார்கள். செல்வி கேட்பாள். செல்விக்கு மதியின் குரல் தெரியும், என் குரலும் தெரியும், ஒன்றுக்குள் ஒன்று எப்படி வந்தது என்று கேட்க மாட்டாளா. ஐந்து மணிக்கு வருவாள், சொல்லிவிட வேண்டும். செல்வி, ஒன்னு சொல்லணும், பாப்பா அன்னிக்கு எந்திரிச்சது எனக்குக் கேக்கல. இல்லை, இது பொய்யில்லை ஆனால் பொய். செல்வி, அந்த மைக்ல ஒரு ரிப்பேர். சேச்சே. செல்வி, கேக்கக்கூடாதுன்னு நான்தான் பண்ணி வெச்சேன். இதைச் சொல்லும்போது அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள், போன ஆடியில் நின்ற மாதிரி. கத்த மாட்டாள். மதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள், நாளையிலிருந்து தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள், என்னை வாசிக்க வேண்டாம் என்று சொல்லவே மாட்டாள். தாராளமாக வாசிக்கலாம். திரும்பவும் ஓடவிட்டேன், எத்தனை நேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று, தண்டனை மாதிரி, முழுசாக. அவள் பேசிக்கொண்டே போகிறாள், அப்பா குரலில் தலையணைக்குச் சோறு ஊட்டுகிறாள், ஆ காட்டு என்கிறாள், காக்காவுக்கு ஒரு வாய் என்கிறாள். திடீரென்று அவள் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது. இரண்டு மதி. ஒருத்தி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி ஏதோ இருமினாள். ஒரே ஒரு இருமல், டக்கென்று திறந்து டக்கென்று மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமையை நிறுத்தினேன். நிசப்தம், துடைத்த மாதிரி. அந்த நிசப்தத்தை நான் எத்தனை மத்தியானம் விரும்பியிருக்கிறேன். மிக்ஸருக்குக் கை போனது, கேட்டின் பட்டனைத் தேடி அணைத்தேன், மூன்று மாதத்தில் முதல் தடவையாக. ஃபேன் ஓடுகிறது. டக். டக். ஃபேனுக்கு நடுவில், தாழ்ந்த குரலில், இன்றைய வியாழக்கிழமை. “இருடா. அப்பா வேலை. இதோ ஆச்சு.” எத்தனை நேரமாக என்று எனக்குத் தெரியாது. நான் அவளுடைய பழைய ஏழு கூப்பாட்டை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் இன்றைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாளோ, இல்லை இன்றைக்குக் கூப்பிடவே இல்லையோ. ஹெட்ஃபோனைக் கழற்றினேன், வயர் கீபோர்டை இழுத்தது, விழுந்தால் விழட்டும் என்று எழுந்தேன். பத்தடி. அந்தத் தாழ்ப்பாளை நான் சத்தமில்லாமல் திறக்கப் பழகியிருக்கிறேன், எண்ணெய்கூடப் போட்டு வைத்திருக்கிறேன், அதுவும் தூங்குகிற குழந்தைக்காகத்தான்.

மதி கட்டிலில் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். செல்வியின் ஹேர்பேண்டைத் தலையில் மாட்டி இரண்டு காதையும் அது மூடும்படி இறக்கிவிட்டிருந்தாள். எதிரே தலையணை, அதன் மேல் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தது, தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கரடிப் பொம்மையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள், அது காத்துக்கொண்டிருந்தது. அழுத முகமாக இருந்திருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன், அவளும் என் தோளில் விழுந்திருப்பாள், என் பாடு சுலபமாகியிருக்கும். அவள் சந்தோஷமாக இருந்தாள். உள்ளே போவதா நிற்பதா என்று தெரியாமல், “மதி” என்றேன். விரல்கள் நிற்கவில்லை. கொஞ்சம் சத்தமாக, “மதிம்மா, அப்பா வந்துட்டேன்” என்றேன். திரும்பாமல், தலையணையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள்.

“ரெண்டே நிமிஷம்டா தங்கம்.”

சரிப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அடுத்த அறையில் போன் அதிர்ந்தது, அடங்கியது, மறுபடி அதிர்ந்தது. பீரோ மேல் மைக் இருந்தது, வாங்கிய நாளில் துடைத்து வைத்தது போல. ஐந்து மணிக்குச் செல்வி வருவாள், அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், கேட்டையும் தாழ்ப்பாளையும். இரண்டு நிமிடம் ஆனது. மூன்று ஆனது. மதி வாசித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை, என்னுடைய இரண்டு நிமிடம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும்.